தோட்டத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையில்

ஆய்வு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரி எமது பல்கலைக்கழகங்கள் வெளியிடும் அறிவித்தல்கள் அளவிற் சிறியவை. ஆய்வுத் திட்டத்தின் பெயர், அதை நடத்தும் துறை, வேண்டப்படும் தகைமை, ஒப்பந்தக் காலம், மாதப் படி, முடிவு திகதி; இவ்வளவுதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயினும் பேராதனையின் பொறியியற் பீடமாயினும் தகைமை பற்றிய வரி ஏறக்குறைய ஒன்றே: பொறியியலிலோ விஞ்ஞானத்திலோ நல்ல வகுப்பில் சித்தியெய்திய பட்டம், ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் ஆற்றல். குலம், மதம், பிறந்த இடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது யாவர்க்கும் திறந்திருக்கும் கதவு.

சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து அந்தக் கதவு அதிக தொலைவில் இல்லை. எட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டையிலோ காலையில் பஸ் ஏறினால் பகற்சாப்பாட்டுக்கு முன் கட்டுபெத்தையில் இறங்கிவிடலாம். ஆனால் வரலாற்றின் அளவுகோலால் அளக்கும்போது அதே தூரம் நூறாண்டுக்கு மேல் நீள்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயன்களிலே பிறந்த பிள்ளை அந்தப் பதவியை வந்தடைய வேண்டிய பாதை எவ்வாறு அமைந்தது, யார் யாரால் எங்கெங்கே அடைக்கப்பட்டது என்பதையே இங்கு நோக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விஞ்ஞான ஆய்வு தோட்டங்களுக்கு அந்நியமான பொருளன்று. இந்நாட்டில் சம்பளம் பெற்று ஆய்வு செய்யும் உத்தியோகம் வேரூன்றியதே பெரும்பாலும் தோட்டங்களின் பொருட்டுத்தான். 1869இல் கோப்பிச் செடியின் இலையில் செம்மஞ்சள் நிறத்திற் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காவினர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினர். அது புதிய பூஞ்சணம் எனக் கண்டு பெயரிட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின்னரே, 1880இல், மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய்வதற்கென அரசாங்கச் சம்பளத்தில் இங்கு வந்தார். இருபத்தைந்து அல்லது இருபத்தாறு வயது, இரண்டாண்டு நியமனம். இக்காலத்து ஒப்பந்த ஆய்வாளனின் மூதாதை என்று அவரைச் சொல்லலாம். நோயின் வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது, மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய் பரவ வழி செய்தது என்று அவர் நிறுவினார். துரைமார் எதிர்பார்த்த மருந்தை அவர் கொண்டுவரவில்லை, கோப்பி அழிந்தது. அந்த அழிவிலே வேலையும் கூலியும் இழந்து மலையிறங்கிய மக்களின் தொகையை எந்த ஆய்வு அறிக்கையும் தன் பொருளாகக் கொள்ளவில்லை.

கோப்பியின் இடத்துக்குத் தேயிலை வந்தது. தாழ்ந்த மலைகளுக்கு இறப்பர் வந்தது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறப்பரின் விலை ஏறியதும் களனிப் பள்ளத்தாக்கும் கேகாலையும் இரத்தினபுரியும் இறப்பர்க் காடுகளாயின. ஆய்வும் உடன் வந்தது. 1910ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இறப்பர் ஆய்வு முயற்சி 1930இல் சட்டத்தின் வழி நிலைபெற்று, பின்னர் அகலவத்தை டார்ட்டன்பீல்ட் தோட்டத்தில் அமைந்தது. இரத்தினபுரி மாவட்டத்திலே, குருவிற்றையில், அந்நிறுவனத்துக்கு ஒரு துணை நிலையம் உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பிறந்து தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. தாழ்நிலத் தேயிலைக்கான அதன் பிராந்திய நிலையம் இரத்தினபுரிக்கு அருகே ஹிதெல்லனையில், சென்ற் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது.

இந்த நிலையங்களைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இறாத்தல் தேயிலையின் மீதும் இறப்பரின் மீதும் விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து. அந்த இறாத்தலைப் பறித்தவள் யார், பால் வெட்டியவன் யார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆய்வின் செலவை மட்டுமன்று, ஆய்வின் கைகளையும் தோட்டத்து மக்களே கொடுத்தனர். பரிசோதனைப் பாத்திகளில் இலக்கமிட்ட வரிசைகளைப் பிரித்துக் கொழுந்து பறித்து, ஒவ்வொரு வரிசையின் நிறையையும் கலக்காமல் வேறு வேறாகத் தராசுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதா, பட்டையின் பாதியில் வெட்டுவதா, எவ்வளவு ஆழத்தில் வெட்டுவதா என்று இறப்பர் விஞ்ஞானி கேட்ட கேள்விக்கு, மரத்தின் உயிர்ப்படையில் கத்தி படாமல் மயிரிழை அளவில் வெட்டி விடை கொடுத்தது பால்வெட்டும் தொழிலாளியின் மணிக்கட்டு. அந்த நுட்பத்துக்குப் பட்டம் இல்லை. பெரட்டுக்களத்தில் பெயர் மட்டுமே உண்டு.

இந்த இடத்தில்தான் எமது விவாதத்தின் மையம் இருக்கிறது. தோட்டம் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, உழைப்பும் கொடுத்தது. கேள்வியை மட்டும் அது கொடுத்ததில்லை. எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் மேசைக்கு லயனிலிருந்து எவரும் அழைக்கப்படவில்லை. ஏக்கருக்கு எத்தனை இறாத்தல் என்ற கேள்வி அந்த மேசையில் எப்போதும் முதலிடம் பெற்றது. அந்த இறாத்தலைச் சுமந்து சரிவில் இறங்கும் பெண்ணின் முதுகெலும்பு பற்றிய கேள்வி அவ்விடத்தைப் பெற்றதில்லை. ஆய்வு உதவியாளர் பதவி எத்தனையோ வேலைகளில் ஒன்று, அது கிடையாவிட்டால் இன்னொன்று என்று சிலர் வாதிப்பார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமூகத்துக்கு நோயையும் ஆபத்தையும் பற்றிக் கேள்வி எழுப்பும் உரிமை அந்தச் சிறிய பதவியிலிருந்தே தொடங்குகிறது.

அப்பதவிக்கு உலகெங்கும் ஏழைகள் எவ்வாறு வந்து சேர்ந்தார்கள் என்பதும் அறியத்தக்கது. கொல்லன் மகனாகப் பிறந்து புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பரடே 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இரசாயன உதவியாளரானது, முன்னிருந்த உதவியாளர் கைகலப்பில் ஈடுபட்டு வேலையிழந்ததால். சென்னைத் துறைமுகக் கந்தோரில் 1912இல் மாதம் முப்பது ரூபாச் சம்பளக் குமாஸ்தாவாகச் சேர்ந்த இராமானுஜனுக்கு அடுத்த ஆண்டே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டமில்லாத ஒருவருக்கு விதியைத் தளர்த்தியே அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. மேதைகளின் கதைகள் இவை. தற்செயலின் கதைகளும் கூட. தற்செயலை நம்பி ஒரு சமூகம் தன் பிள்ளைகளை வளர்க்க முடியாது. ஆகவே பாடசாலைக்கு வருவோம்.

தோட்டத் துரைமார் தங்கள் தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்க வேண்டும் என 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் வற்புறுத்தியது. பத்து வயதில் முடியும் கல்வி! பதினோராம் வயதில் பிள்ளை எங்கு போக வேண்டும் என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் மேலே ஏறும் படிக்கட்டு கிடைத்தது. தோட்டப் பாடசாலை அப்படிக்கட்டுக்கு வெளியே, துரையின் நிர்வாகத்திலேயே நின்றது. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தொடப்படவில்லை. எழுபதுகளில், தோட்டங்கள் தேசிய உடைமையாகிய காலத்தையொட்டியே, அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஏனையோர் பெற்ற படிக்கட்டின் முதற் கல்லில் கால்வைக்கத் தோட்டப் பிள்ளை முப்பதாண்டு காத்திருந்தது.

காத்திருந்த காலத்திலே அதன் பெற்றோர் நாடற்றோராகியிருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிடமிருந்து குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுவார்த்தைக்கு. எந்த ஆண்டில் எந்தக் கப்பலில் ஏற்றப்படுவோம் என்று அறியாத குடும்பம், தன் பிள்ளையை எட்டாண்டு, பத்தாண்டு கணிதம் படிக்க வைக்கத் திட்டமிடுவது எப்படி?

முற்போக்காளர் என்று எம்மை அழைத்துக்கொள்ளும் நாம் இவ்விடத்தில் ஒரு கசப்பான பக்கத்தையும் புரட்டியே ஆகவேண்டும். சப்பிரகமுவ இடதுசாரி இயக்கத்தின் வீரநிலங்களில் ஒன்று. 1934, 35இல் கேகாலையை வாட்டிய மலேரியாவின்போது மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்ற தோழர்களின் தொண்டு, 1936இல் என். எம். பெரேராவை ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றனர், அதை மறக்கலாகாது. ஆயினும் 1964 ஒப்பந்தம் கையெழுத்தானபோது சமசமாஜத் தலைவர்கள் அமைச்சரவையில் அமர்ந்திருந்தனர். 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் நிதியமைச்சு என். எம்.மிடமும் பெருந்தோட்ட அமைச்சு கொல்வின் ஆர். டி சில்வாவிடமும் இருந்தன. அந்த அரசே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவர் 227 புள்ளியும் பெற வேண்டியிருந்தது. கட்டுபெத்தையில் 232, 212. யாழ்ப்பாணத்தில் இது எழுப்பிய கொதிப்பை வரலாறு விரிவாக எழுதியுள்ளது. தோட்டப் பிள்ளையின் நிலை வேறு. அந்த 250க்கும் 232க்கும் போட்டியிடும் பரீட்சை மண்டபத்துக்கே அது வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆயினும் மொழியின் பெயரால் உயர்த்தப்பட்ட கம்பம் அதன் தலைக்கு மேலும் உயர்த்தப்பட்டது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு என்ற வகையில் அதன் அடிப்படை நியாயத்தை நாம் மறுக்கவில்லை. இன்றைய விதிப்படி விஞ்ஞானத் துறை இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. இரத்தினபுரி அப்பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று; கேகாலை அவ்வாறன்று. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்தைத்தான் பார்க்கிறது. மாவட்டத்துக்குள்ளே நகரத்துக் கல்லூரியையும் இறப்பர் மலை உச்சியிலுள்ள பாடசாலையையும் பிரித்தறியும் கண் அதற்கில்லை. தமிழ் மொழி மூலம் பௌதிகம், இரசாயனம், இணைந்த கணிதம் மூன்றையும் உயர்தரத்திற் கற்பிக்கும் பாடசாலைகள் சப்பிரகமுவ மாகாணத்திலே விரல்விட்டு எண்ணத்தக்கவை. நுவரெலியாவில் தோட்ட மக்கள் திரண்டு வாழ்கிறார்கள். எண்ணிக்கையின் பலத்தால் பாடசாலைகளையும் பிரதிநிதிகளையும் ஓரளவேனும் பெற முடிந்தது. இங்கோ தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாய்ச் சிதறியவை. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை. அதற்கு விஞ்ஞான ஆசிரியர் எவ்வாறு வருவார்? சாதாரண தரத்திற் கணிதத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளையை, பக்கத்தில் வகுப்பில்லாத காரணத்தால், கலைப்பிரிவுக்கு வழியனுப்பி வைப்பது இம்மாகாணத்தில் ஆசிரியத் தொழில் செய்யும் எம்மைப் போன்றோருக்கு ஆண்டுதோறும் நிகழும் காரியம்.

சிதறி வாழ்ந்ததன் விலை கல்வியோடு நிற்கவில்லை. 1977இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளிலும், 1983இலும் லயன்கள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் பிற வன்னி எல்லைகளுக்கும் ஓடின. ஓடிய குடும்பத்தின் பிள்ளை எந்த வகுப்பில் படிப்பை விட்டது என்பதற்குப் பதிவேடில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதே தொழில்நுட்பக் கல்வி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தோன்றி 1964இல் பேராதனைக்குச் சென்றது. கட்டுபெத்தையிலே 1960இல் கனடாவின் உதவியோடு செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது; 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972இல் வளாகமாகி, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. 1995இல் சப்பிரகமுவவுக்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக எழுப்பப்பட்டிருந்த கட்டடங்களில், பெலிகுல் ஓயாவில் அது குடியேறியது. அந்த அணையின் கதை தனிக்கட்டுரைக்குரியது: வலது கரையின் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துக்கொண்டு 1992இல் நீர் வெளியேறியது, ஒழுக்கு இன்றும் முற்றாக நின்றபாடில்லை. அணையைக் கட்டிய பிறநாட்டு நிபுணர்கள் போய்விட்டார்கள்.

ஆய்வில்லாத நிலத்துக்கு என்ன நேரும் என்பதற்கு இம்மாகாணமே இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. இரத்தினபுரிக் குழிகளிலே கௌடா என்னும் பால்நிறக் கல் கிடைக்கும். ஒளி ஊடுருவாத, மதிப்பற்ற கல் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தனர். எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் கொத்துக் கொத்தாக மலிவு விலைக்கு வாங்கிச் சென்றனர். ஒட்சிசன் குறைந்த உலையில் 1,600 பாகை செல்சியசுக்கு மேல் அதைச் சூடேற்றினால், கல்லினுள் வெண்மையாய்ப் படிந்திருக்கும் தைத்தேனிய ஒட்சைட்டின் நுண்ணிழைகள் கரைகின்றன. தைத்தேனியமும் இரும்பும் இணைசேர்ந்து நீல நிறம் தோன்றுகிறது. மண்ணாங்கட்டி விலைக்குப் போன கல் நீலமாகி உலகச் சந்தைக்கு வந்தது. இதிலே மந்திரமில்லை, பௌதிகமும் இரசாயனமும் ஓர் உலையும் மட்டுமே. அந்த நாளில் இரத்தினபுரியில் அதைச் செய்து பார்க்க ஓர் ஆய்வு உதவியாளன் இருந்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. கேகாலை மாவட்டத்துப் பொகல சுரங்கத்தின் காரீயத்துக்கும் ஏறக்குறைய இதே வரலாறு. தூய்மைக்குப் பெயர்பெற்ற அக்காரீயத்தை நூறாண்டுக்கு மேலாக மூட்டையிலே கட்டி அனுப்பினோம். காரீயத்தின் ஒற்றைப் படலத்தைப் பிரித்தெடுத்த மான்செஸ்டர் விஞ்ஞானிகள் இருவர் 2010இல் நோபல் பரிசு பெற்றனர். இப்போதுதான் எமது ஆய்வுக்கூடங்களும் அத்திசையிற் கை வைத்துள்ளன.

ஆனால் கல்லையும் காரீயத்தையும் விட அவசரமானது மண். 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது; அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் தோன்றி மலைச்சரிவு அபாய வரைபடங்களைத் தீட்டி வருகிறது. அதன் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் எந்தச் சரிவில் எந்த ஆண்டு வடிகாண் தூர்ந்தது, லயனுக்குப் பின்னாலுள்ள வெட்டுமண்ணில் எந்த மழைக்கு வெடிப்புத் தோன்றியது, கிணற்று நீர் எப்போது கலங்கியது என்பவற்றை அறிந்தவர் அந்த லயனில் வாழ்பவர். தான் கண்டதை அறிக்கையின் மொழியில் எழுதவும், மண்ணின் நீரழுத்தத்தைக் கணக்கிடவும் தெரிந்த ஒருவர் அதே லயனிலிருந்து வந்திருப்பாராயின் கேள்வியே வேறாக எழுப்பப்பட்டிருக்கும்.

அப்படி வருவோரும் இல்லாமலில்லை. தடைகள் அத்தனையையும் தாண்டிப் பொறியியல், விஞ்ஞானப் பட்டம் பெற்ற தோட்டப் பிள்ளைகள் இன்று சிலர் உள்ளனர். அவர்களுக்கு முன்னால் அந்தச் சிறிய அறிவித்தல் இன்னொரு சுவரை எழுப்புகிறது. ஓராண்டு ஒப்பந்தம், திட்டத்தின் பணம் முடிந்தால் வேலையும் முடியும். படியோ கொழும்புப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதும் போதாததாக இருக்கும். வீட்டிலே தாயின் நாட்கூலியில் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். ஆகவே அந்தப் பட்டதாரி நிரந்தரச் சம்பளமுள்ள வேலையொன்றைத் தேடிக்கொள்கிறார். அதில் எவரும் அவரைக் குறைகூற முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டாண்டு ஆய்வு உதவியாளராய் இருந்து, அதன் பலத்தில் முதுமாணிப் பட்டமும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் பெறுகிறது. திறந்த கதவு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

செய்யக்கூடியவை பெரும் புரட்சிக்காகக் காத்திருப்பவையல்ல. இரத்தினபுரியில் ஒன்று, கேகாலையில் ஒன்று என விடுதியோடு கூடிய தமிழ் மொழி மூல விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு ஆசிரியர்களை உறுதிசெய்யலாம். ஹிதெல்லனையிலும் குருவிற்றையிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவரை ஆண்டுக்குச் சில வாரமேனும் பயிற்சிக்கு ஏற்கலாம். அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் கட்டிய தீர்வையின் வட்டியாக அதைக் கருதிக்கொள்ளட்டும். ஆய்வுப் பதவி அறிவித்தல்கள் தமிழிலும் வரவேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி நாற்பதாண்டை நெருங்குகிறது.

ஆசிரியர்களாகிய நாம் எவருடைய அனுமதிக்கும் காத்திராமற் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அகன்ற வாயும் நேரான பக்கங்களும் கொண்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை மரநிழல் படாத வெளியில் வைத்தால், அதில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் மில்லிமீற்றர் அளவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது மலைச்சரிவுப் பகுதிகளுக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த வரம்பு. காலை எட்டு மணிக்கு ஒரு மாணவி அளந்து கொப்பியில் எழுதட்டும். திகதி, மழை அளவு, லயனுக்குப் பின்னால் வெடிப்பு உண்டா இல்லையா என மூன்று நிரல்கள் போதும்.